எம்டன்: கம்பம்மெட்டில் ஒரு சொல், மெட்ராஸில் ஒரு ராத்திரி, நடுவில் ஒரு கேப்டன்

கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் கம்பம்மெட்டு. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. ஏலத்தோட்ட வேலைக்குக் காலையில் ஜீப் ஏறிப் போய், சாயங்காலம் இறங்கி வருபவர்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே இருக்கும். இந்த எல்லையில் ஒரு சொல் மட்டும் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது அர்த்தத்தை மாற்றிக்கொள்கிறது.

தமிழ்ப் பக்கம் 'அவன் பெரிய எம்டன்' என்றால், ஆள் கில்லாடி, எமகாதகன், சுலபத்தில் பிடி கொடுக்க மாட்டான் என்று பொருள். கண்டிப்பான அப்பாவுக்கும் இதே பட்டம்தான். மலையாளத்தில் 'யமண்டன்' என்றால் பிரம்மாண்டம். கேக், மரம், பாறை எதுவாக இருந்தாலும் பெரிசாக இருந்தால் யமண்டன்.

சினிமாவிலும் இரண்டும் இருக்கிறது. 2006இல் பரத், நாசர் நடித்து வந்த தமிழ்ப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. தமிழ்ப் பெயர் இருந்தால்தான் வரிவிலக்கு என்பதால் அது 'எம் மகன்' ஆனது. 2019இல் துல்கர் சல்மான் நடித்த மலையாளப் படம் 'ஒரு யமண்டன் பிரேமகதா'. இரண்டு சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்றுதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த வேர் ஒரு கப்பல். ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள ஒரு சின்ன துறைமுக நகரத்தின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல்.

கப்பலின் பெயர் நம் நாக்கில் நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. அதை ஓட்டி வந்த மனிதரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கார்ல் ஃபான் முல்லர். முதல் உலகப் போரில் எதிரி நாட்டுப் பத்திரிகைகளே மரியாதையோடு எழுதிய கடற்படை அதிகாரி. மெட்ராஸ் மீது குண்டு போட்டவரும் இவர்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி?

யார் இந்த முல்லர்?

1873 ஜூன் 16, ஹானோவர் நகரம். பிரஷ்ய ராணுவத்தில் கர்னலாக இருந்தவரின் மகன். அப்பா வழியில் ராணுவப் பள்ளியில் சேர்ந்த பையன், 1891இல் கடற்படைக்கு மாறினார். பயிற்சிக் கப்பல், அப்புறம் சிக்னல் அதிகாரி என்று படிப்படியான வளர்ச்சி. வேகமான பிரமோஷன் எல்லாம் கிடையாது. கூச்ச சுபாவம், குறைவான பேச்சு, வேலையில் துல்லியம் என்பதுதான் கூட வேலை பார்த்தவர்கள் வரைந்த சித்திரம்.

ஷ்வால்பே என்ற சிறிய போர்க்கப்பலில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது அவருக்கு மலேரியா வந்தது. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பீரங்கியும் செய்யாததை அந்தக் காய்ச்சல் பின்னால் செய்யப்போகிறது.

1908 டிசம்பரில் பதவி உயர்வு, பெர்லினில் கடற்படைத் தலைமையகத்தில் வேலை. அங்கே அட்மிரல் டிர்பிட்ஸின் கவனத்துக்கு வந்தார். அதற்குக் கிடைத்த பரிசு, 1913இல் எம்டனின் கேப்டன் பொறுப்பு. அப்போது எம்டன் சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தை மையமாகக் கொண்ட ஜெர்மன் கிழக்காசியப் படைப்பிரிவில் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிங்டாவ் ஜெர்மனி சீனாவிடம் மிரட்டி வாங்கிய குத்தகை நிலம். 1913இல் யாங்சே நதிக்கரையில் கிளர்ச்சியாளர்களின் கோட்டைகள் மீது எம்டன் சுட்டது. அதற்காக முல்லருக்கு ஒரு பதக்கமும் கிடைத்தது. ஆக, இவர் காலனியாதிக்கத்தை எதிர்த்த போராளி அல்ல. ஒரு பேரரசின் அதிகாரி, இன்னொரு பேரரசோடு சண்டை போட வந்தவர். இதை மறந்துவிட்டால் அடுத்து வரும் கதை முழுக்கத் தப்பாகப் புரியும்.

தனியாகப் போகிறேன் என்ற முடிவு

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் எம்டன் ரியாசான் என்ற ரஷ்யக் கப்பலைப் பிடித்துக்கொண்டு சிங்டாவ் திரும்பியது. பிறகு பசிபிக்கில் உள்ள பேகன் தீவில் அட்மிரல் ஃபான் ஸ்பேயின் தலைமையில் மற்ற கப்பல்களோடு சேர்ந்தது. மொத்தப் படையும் தென் அமெரிக்கா பக்கம் போகலாம் என்பது அட்மிரலின் திட்டம்.

முல்லர் மாற்று யோசனை சொன்னார். ஒரே ஒரு கப்பலையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பலாம். பிரிட்டனின் பணமும் சரக்கும் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. தேயிலை, சணல், அரிசி, நிலக்கரி எல்லாம் கல்கத்தா, ரங்கூன், மெட்ராஸ், கொழும்பு வழியாகப் போகிறது. அட்மிரல் சம்மதித்தார். கூடவே மார்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலையும் கொடுத்தார்.

இது கிட்டத்தட்டத் திரும்பி வர முடியாத பயணம். அந்தக் கடல் முழுக்க எதிரித் துறைமுகங்கள். ரிப்பேருக்கு ஒதுங்க இடம் இல்லை. எம்டனோ நிலக்கரியில் ஓடும் கப்பல். கரி தீர்ந்தால் கதை முடிந்தது. பிடிக்கும் கப்பல்களிலிருந்துதான் கரியையும் சாப்பாட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1908இல் கடலில் இறங்கிய எம்டன் பெரிய கப்பலும் இல்லை. 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. கேன்வாஸ் துணியால் ஒரு போலிப் புகைபோக்கி செய்து வைத்தார்கள். எம்டனுக்கு மூன்று புகைபோக்கி, தூரத்திலிருந்து நாலு தெரிந்தால் பிரிட்டிஷ் கப்பல் என்று நினைப்பார்கள். நம் ஊரில் எம்டன் என்றால் தந்திரசாலி என்று அர்த்தம் வந்ததற்கு இந்த நாலாவது புகைபோக்கிக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

60 நாள் வேட்டை

1914 செப்டம்பர் 10. வங்காள விரிகுடாவில் பொன்டோபோரோஸ் என்ற கிரேக்க நிலக்கரிக் கப்பல் மாட்டியது. அன்றிலிருந்து எம்டன் சிதைந்த நவம்பர் 9 வரை எண்ணினால் சரியாக 60 நாள். அடுத்தடுத்து இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமேட் என்று கப்பல்கள் விழுந்துகொண்டே இருந்தன. டிப்ளமேட்டில் இருந்தது லண்டனுக்குப் போக வேண்டிய தேயிலை. இண்டஸில் கிடைத்த சோப்பு எம்டன் மாலுமிகளுக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் அவர்களிடம் சோப்பு தீரப்போகும் நிலை.

முல்லரின் செயல்முறை ஒரே மாதிரிதான் இருந்தது. கப்பலை நிறுத்தச் சொல்வது. ஆட்களை ஏற்றி ஆவணங்களைச் சோதிப்பது. நடுநிலை நாட்டுக் கப்பல் என்றால் விட்டுவிடுவது. எதிரிக் கப்பல் என்றால் அதிலிருக்கும் எல்லோரையும் இறக்கி, அப்புறம்தான் மூழ்கடிப்பது. பிடிபட்டவர்கள் ஓரளவு சேர்ந்ததும், ஒரு கப்பலை விட்டுக்கொடுத்து எல்லோரையும் அதில் ஏற்றிப் பத்திரமாகக் கரைக்கு அனுப்புவது.

கபிங்கா என்ற கப்பலில் அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். முல்லர் அந்தக் கப்பலை மூழ்கடிக்கவில்லை. பிடிபட்ட மாலுமிகளை அதில் ஏற்றி அனுப்பினார். விடுதலையாகிப் போனவர்கள் தங்களைப் பிடித்தவருக்கே வாழ்த்துக் கோஷம் போட்டுவிட்டுப் போனதாகப் பதிவுகள் சொல்கின்றன. கரைக்குப் போன மாலுமிகள் பத்திரிகைகளிடம் பேசினார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகளே முல்லரை ஜென்டில்மேன் என்று எழுத ஆரம்பித்தன.

மொத்தக் கணக்கு இதுதான்:

• எம்டன் கடந்த தூரம்: சுமார் 56,000 கிலோமீட்டர்
• மூழ்கடித்த அல்லது கைப்பற்றிய எதிரி வணிகக் கப்பல்கள்: பிரிட்டிஷ் 16, ரஷ்யா 1
• அவற்றின் மொத்த அளவு: சுமார் 70,000 டன்
• பிடித்துவிட்டு விடுவித்த பிரிட்டிஷ் கப்பல்கள்: 4
• அழித்த போர்க்கப்பல்கள்: 2

ஆனால் உண்மையான சேதம் இந்தப் பட்டியலில் இல்லை. எம்டன் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால், அது எல்லா இடத்திலும் இருந்தது. வங்காள விரிகுடாவில் சரக்குப் போக்குவரத்து நின்றது. இன்சூரன்ஸ் கட்டணம் எகிறியது. ஒரே கப்பலைத் தேடப் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் அலைந்தன.

மெட்ராஸ், செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை

செவ்வாய்க்கிழமை ராத்திரி. போர் ஐரோப்பாவில்தான் நடக்கிறது என்று நினைத்திருந்த ஊர். கடற்கரை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அப்போது கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில் இருந்தது. கடலிலிருந்து வரும் கப்பலுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டுமா?

துறைமுகத்திலிருந்து மூவாயிரம் கெஜ தூரத்துக்கு எம்டன் வந்தது. சர்ச்லைட்டை அடித்து இலக்கைப் பார்த்தது. இலக்கு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். சுமார் 130 குண்டுகள். அரை மணி நேரம். தொட்டிகள் பற்றி எரிந்த வெளிச்சம் வெகுதூரத்துக்குத் தெரிந்தது. கரையிலிருந்து பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, எதுவும் படவில்லை. வடக்கே போவது போல் போக்குக் காட்டிவிட்டு எம்டன் தெற்கே திரும்பி மறைந்தது.

ராணுவக் கணக்கில் பார்த்தால் பெரிய சேதம் இல்லை. சில தொட்டிகளும் எண்ணெயும்தான். ஆனால் முல்லரின் நோக்கம் எண்ணெய் மட்டும் இல்லை. பிரிட்டனின் பாதுகாப்பு என்பது வெறும் பேச்சு என்று இந்தியர்களுக்குக் காட்டுவது, வியாபாரத்தைக் குலைப்பது, ஆட்சியின் கௌரவத்தை இறக்குவது. அவரே பின்னர் அறிக்கையில் இந்தக் காரணங்களைச் சொல்லியிருக்கிறார்.

அது பலித்தது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ரயில் நிலையங்கள் நிரம்பின. எம்டன் திரும்ப வரும் என்ற வதந்தி எம்டனைவிட வேகமாக ஓடியது. அந்தப் பயம்தான் சொல்லாக மாறி ஊர் ஊராகப் போனது. இலங்கையில் பிள்ளைகளை மிரட்ட எம்டன் பெயர் பயன்பட்டது. சிங்களத்திலும் எம்டன் என்றால் தந்திரக்காரன்தான்.

அந்த ராத்திரி செத்தவர்கள்

முல்லரைப் பற்றி எழுதும் பலரும் வேகமாகக் கடந்துபோகும் இடம் இது. மெட்ராஸ் துறைமுகப் பகுதியில் அன்று குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். பலர் காயப்பட்டார்கள். அங்கே நின்றுகொண்டிருந்த சுப்ரா என்ற வணிகக் கப்பலும் குண்டடிபட்டது. உயர் நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது.

வணிகக் கப்பல்களைப் பிடித்தபோது ஒரு மாலுமிக்கும் உயிர்ச்சேதம் வராமல் பார்த்துக்கொண்டவர் என்ற பெருமை முல்லருக்கு உண்டு. அது நியாயமான பெருமைதான். ஆனால் கடலில் ஒருவரை நேருக்கு நேர் பார்த்து, படகில் ஏற்றி அனுப்ப முடிந்தவரால், இருட்டில் மூவாயிரம் கெஜத்துக்கு அப்பால் இருந்தவர்களுக்கு அந்தச் சலுகையைத் தர முடியவில்லை. சர்ச்லைட் வெளிச்சத்தில் தெரிந்தது தொட்டிகள் மட்டும்.

கண்ணியமான போர் என்ற பேச்சின் எல்லை அங்கேதான் இருக்கிறது. அந்த ஐந்து பேரின் பெயர் நம் பொது ஞாபகத்தில் இல்லை. அடித்த கப்பலின் பெயர் அகராதிக்குப் போய்விட்டது.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தாரா?

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்வி இது. திருவனந்தபுரத்தில் 1891இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை, ஐரோப்பாவில் இருந்து இந்திய விடுதலைக்கு உழைத்தவர். அவர்தான் எம்டனில் இருந்துகொண்டு, எங்கே சுட வேண்டும் என்று காட்டினார் என்பது பிரபலமான கதை.

தேதிகளை வரிசையாக வைத்தால் கதை நிற்காது. எம்டன் 1914 ஆகஸ்டில் சீனக் கரையிலிருந்து கிளம்பியது. அந்த மாதங்களில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் இருந்தார். அக்டோபர் வாக்கில் பெர்லின் போய் இந்திய விடுதலைக் குழுவினரோடு சேர்ந்தார். ஒரே ஆள் ஒரே நேரத்தில் வங்காள விரிகுடாவிலும் ஜூரிச்சிலும் இருக்க முடியாது.

அப்படியானால் இந்தக் கதை ஏன் சாகவில்லை? மெட்ராஸ் மீது விழுந்த குண்டில் நம் ஆள் ஒருவரின் கை இருந்திருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்று தோன்றுகிறது. அந்த ஆசை புரிகிறது. ஆனால் செண்பகராமனின் உண்மையான வேலைக்கு எம்டன் டிக்கெட் தேவையே இல்லை.

எம்டனுக்கும் இந்தியச் சிப்பாய்களுக்கும் நிஜமான ஒரு தொடர்பு சிங்கப்பூரில் உண்டு. எம்டன் குழுவைச் சேர்ந்த சிலர் பிடிபட்டு அங்கே டாங்லின் முகாமில் இருந்தார்கள். 1915 பிப்ரவரி 15 அன்று, 5ஆவது லைட் இன்ஃபன்ட்ரியின் இந்தியச் சிப்பாய்கள் பிரிட்டிஷாருக்கு எதிராகக் கிளர்ந்து அந்த முகாமைத் திறந்துவிட்டார்கள். எம்டன் அதிகாரி லாட்டர்பாக் அந்தக் குழப்பத்தில் தப்பினார். கிளர்ச்சி செய்த சிப்பாய்களில் 40க்கும் மேற்பட்டவர்களைப் பொது இடத்தில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள்.

டியகோ கார்சியா முதல் பினாங்கு வரை

மெட்ராஸுக்குப் பிறகு எம்டன் இலங்கையைச் சுற்றி மினிக்காய் பக்கம் போனது. இன்னும் பல கப்பல்கள் மாட்டின. அதில் ப்யூரெஸ்க் என்ற கப்பல் நிறைய நல்ல வேல்ஸ் நிலக்கரியோடு வந்தது. இந்திய நிலக்கரி அதிகம் புகையும், புகை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். அதனால் இது முல்லருக்கு லாட்டரி மாதிரி.

அக்டோபர் 9இல் டியகோ கார்சியா தீவில் ஒதுங்கினார்கள். அங்கிருந்தவர்களுக்கு உலகப் போர் தொடங்கிய விஷயமே தெரியாது. எம்டன் ஆட்களும் சொல்லவில்லை. கப்பலின் அடிப்பகுதியைச் சுத்தம் செய்தார்கள், தீவில் பழுதாகிக் கிடந்த ஒரு மோட்டார் படகையும் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அக்டோபர் 28 விடியற்காலை, பினாங்கு. போலிப் புகைபோக்கியோடு துறைமுகத்துக்குள் நுழைந்த எம்டன், அங்கே நங்கூரமிட்டிருந்த செம்ச்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. அதன் கேப்டன் அப்போது கரையில் இருந்தார். 80க்கும் மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் இறந்தார்கள்.

வெளியே வரும் வழியில் முஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கியது. பினாங்கிலிருந்து யாராவது துரத்தி வரலாம் என்று தெரிந்தும் முல்லர் நின்று, தண்ணீரில் தத்தளித்த 36 பிரெஞ்சு மாலுமிகளை ஏற்றிக்கொண்டார். அப்புறம் எதிரில் வந்த ஒரு பிரிட்டிஷ் கப்பலில் அவர்களை ஒப்படைத்தார்.

கொக்கோஸ் தீவில் முடிவு

நவம்பர் 9. கொக்கோஸ் கீலிங் தீவுகளில் டைரக்‌ஷன் தீவு. ஆஸ்திரேலியாவை மற்ற இடங்களோடு இணைக்கும் தந்திக் கேபிள் நிலையம் அங்கே இருந்தது. இன்றைய கணக்கில் ஒரு டேட்டா சென்டரை முடக்கப் போவது மாதிரி. முதன்மை அதிகாரி ஹெல்முத் ஃபான் முய்க்கே தலைமையில் சுமார் 50 பேர் கரையில் இறங்கினார்கள்.

ஆனால் அவர்கள் இறங்குவதற்கு முன்பே, சந்தேகமான கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று நிலையத்து ஊழியர்கள் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார்கள். எம்டனின் கெட்ட நேரம், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிய பெரிய கப்பல் வரிசை அப்போது பக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து சிட்னி என்ற போர்க்கப்பல் பிரிந்து வந்தது. அடிவானத்தில் புகையைப் பார்த்த எம்டன் ஆட்கள் தங்களுடைய ப்யூரெஸ்க்தான் வருகிறது என்று முதலில் நினைத்தார்கள்.

கரையில் இருந்த 50 பேரை ஏற்றிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் முல்லர் கிளம்பினார். ஆரம்பத்தில் எம்டனின் குண்டுகள் சரியாகப் பட்டன. ஆனால் சிட்னியின் பீரங்கிகள் பெரிசு, எட்டும் தூரமும் அதிகம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடந்த சண்டையின் முடிவில் எம்டன் எரிந்துகொண்டிருந்தது. கப்பல் மூழ்கினால் எல்லோரும் சாவார்கள் என்பதால் முல்லர் அதை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் கொண்டுபோய் ஏற்றினார்.

அதோடு முடியவில்லை. ப்யூரெஸ்க்கைத் துரத்திவிட்டுச் சாயங்காலம் திரும்பிய சிட்னி, சரணடைகிறாயா என்று சிக்னல் கேட்டது. சிக்னல் புத்தகங்களை எம்டனில் ஏற்கெனவே அழித்துவிட்டார்கள். பதில் வரவில்லை, கொடியும் இறங்கவில்லை. சிட்னி மறுபடி சுட்டது. மேலும் சிலர் செத்த பிறகுதான் கொடி இறங்கியது. காயம்பட்டவர்கள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மறுநாள் வரை அந்த இரும்புக் குவியலில் கிடந்தார்கள்.

எம்டனில் இறந்தவர்கள் 130க்கும் மேல். கப்பலில் சலவை வேலை பார்த்த சீனத் தொழிலாளர்களும் அதில் உண்டு. சிட்னியில் இறந்தவர்கள் நாலு பேர். காயம்பட்ட ஜெர்மானியர்களோடு சிட்னி கொழும்பு வந்தபோது, மற்ற கப்பல்களில் இருந்த வீரர்கள் வெற்றிக் கோஷம் போடக் கூடாது என்று அதன் கேப்டன் கிளாசப் கேட்டுக்கொண்டார். அவர்களும் போடவில்லை.

கரையில் மாட்டிக்கொண்ட முய்க்கேயின் ஆட்கள் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு சுமத்ராவுக்கும், அங்கிருந்து அரேபியாவுக்கும் போய், பாலைவனத்தைக் கடந்து 1915 மே மாதம் கான்ஸ்டான்டினோபிள் சேர்ந்தது தனிக் கதை.

சுரங்கம், பதக்கம், மௌனம்

முல்லர் போர்க்கைதியாக மால்டாவுக்குப் போனார். 1916இல் அவரை இங்கிலாந்துக்கு மாற்றினார்கள். சட்டன் பொனிங்டன் என்ற இடத்தில் இருந்த முகாமில், 1917 செப்டம்பரில் கைதிகள் சுரங்கம் தோண்டினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் அதன் வழியாகத் தப்பினார்கள். முன்னின்று நடத்தியவர் முல்லர். சீக்கிரமே பிடிபட்டார்.

ஆப்பிரிக்காவில் வந்த மலேரியா மறுபடி படுத்தியது. மனிதாபிமான அடிப்படையில் 1918 ஜனவரியில் நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள். அந்த மார்ச்சில், ஜெர்மனியின் மிக உயர்ந்த ராணுவ விருதான 'பூர் ல மெரிட்' அவருக்குக் கிடைத்தது. முதல் வகுப்பு இரும்புச் சிலுவை ஏற்கெனவே உண்டு. அக்டோபரில் வீடு திரும்பினார். 1919 தொடக்கத்தில் உடல்நலக் குறைவால் ஓய்வு.

பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் குடியேறினார். 1920இல் திருமணம், இரண்டு மகள்கள். பழமைவாத தேசியக் கட்சி ஒன்றின் சார்பில் பிரவுன்ஷ்வைக் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1923 மார்ச் 11 அன்று பிரவுன்ஷ்வைக்கில் திடீரென இறந்தார். வயது 49. மலேரியா உடம்பை ஏற்கெனவே தின்றிருந்தது.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது விருது இல்லை, சுரங்கமும் இல்லை. அந்தக் காலத்தில் எம்டன் கதைக்கு உலகம் முழுக்க மார்க்கெட் இருந்தது. முய்க்கே போர் முடியும் முன்பே புத்தகம் எழுதி, அது பல மொழிகளில் விற்றது. கேப்டன் எழுதினால்? பதிப்பாளர்கள் கேட்டார்கள். முல்லர் மறுத்துவிட்டார். தன்னோடு இருந்து செத்தவர்களின் ரத்தத்தைப் பணமாக்குவது போல் இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

விட்டுப்போனது என்ன?

உயிர்பிழைத்த எம்டன் மாலுமிகளுக்கு, தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ளும் உரிமையை ஜெர்மனி கொடுத்தது. பிறகும் பல ஜெர்மன் போர்க்கப்பல்கள் அதே பெயரில் வந்தன. எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னியின் ஹைட் பார்க்கில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. சென்னையில், உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. பாரிமுனையில் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் லஞ்ச் டைமில் நடந்து போயே பார்க்கலாம்.

முல்லரை வில்லனாக்குவது சுலபம், ஹீரோவாக்குவது அதைவிடச் சுலபம். இரண்டுக்கும் தேவையான தகவல் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. எதிரி மாலுமியைக் காப்பாற்ற நின்றவரும், தூங்கப்போகும் ஊர் மீது 130 குண்டு போட்டவரும் ஒரே ஆள். தன் ஆட்களின் ரத்தத்தை விற்க மாட்டேன் என்று அவர் சொன்ன கணக்கில் மெட்ராஸில் செத்தவர்கள் இருந்தார்களா என்பது வேறு கேள்வி. அந்தக் கணக்கை அவர் எழுதாமல் போனதில் ஆச்சரியமில்லை. நாமும் எழுதவில்லை என்பதுதான் விஷயம். நம் ஊரில் நம் ஆட்கள் செத்த ராத்திரியிலிருந்து நாம் எடுத்து வைத்துக்கொண்டது, அடித்தவனின் பெயரை மட்டும்.

அடுத்த தடவை கம்பம்மெட்டில் யாராவது ஒரு பலாப்பழத்தைக் காட்டி யமண்டன் என்று சொன்னாலோ, வீட்டில் அப்பாவை எம்டன் என்று முணுமுணுத்தாலோ, சொல்லிவிட்டுப் போங்கள். தப்பில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் துறைமுகத்தில் ஒரு ஐந்து பேர் இருந்தார்கள் என்பதையும் கூடவே யாரிடமாவது சொல்லுங்கள்.